கேக்கைச் சொல்லாத ராணி, கடிதம் எழுதிய ராணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சரித்திரப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையில், சோஃபியா கொப்போலா 2006-இல் இயக்கிய ‘மரி அந்துவானெத்’ படத்துக்கு ஒரு முழுப் பத்தி வசவு விழுந்திருக்கிறது. பட்டினி கிடந்த ஜனங்களைக் கேக் தின்னச் சொன்னவளுக்கு வக்காலத்து வாங்குகிறது படம் என்பது கட்டுரையாளரின் வழக்கு. படத்தின் மீது எனக்கும் வழக்கு உண்டு. ஆனால் அது கேக் வழக்கு அல்ல. பிரான்சின் பதினாறாம் லூயி அரசரின் மனைவியான அந்த ராணியின் மீது இரக்கம் காட்டியதில் தவறே இல்லை. இரக்கத்துக்குத் தேர்ந்தெடுத்த இடங்கள்தாம் தவறு. அவள் செய்யாத, செய்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிராத குற்றங்களிலிருந்து படம் அவளை விடுவிக்கிறது. அவள் உண்மையிலேயே செய்த காரியம் வருமுன் திரையை மூடிவிடுகிறது. அவளுக்காக யாரும் மனமிரங்க வேண்டிய கட்டமும் மூடிய திரைக்கு அந்தப் பக்கமே நின்றுபோகிறது.

முதலில் கேக். பிரெஞ்சில் அது கேக்கே இல்லை, ‘பிரியோஷ்’: வெண்ணெயும் முட்டையும் சேர்த்துச் சுடும் உயர்தர ரொட்டி. இந்த வாக்கியம் தத்துவஞானி ரூசோவின் சுயசரிதையின் ஆறாம் பகுதியில் வருகிறது. குடியானவர்களிடம் ரொட்டி இல்லை என்று கேட்ட ‘ஒரு பெரிய இளவரசி’, அப்படியானால் பிரியோஷ் தின்னட்டும் என்றாளாம். பெயர் கிடையாது. ரூசோ அதை எழுதியது 1760-களின் நடுவில். மரி அந்துவானெத் பிறந்தது 1755 நவம்பர் 2 அன்று, வியன்னாவில். ரூசோ எழுதிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பத்து வயதுக்கு முன்னே பின்னே இருக்கும். பிரான்சு மண்ணையே மிதித்திராதவள். படத்திலேயே இந்த வதந்தி அவள் காதுக்கு வரும், நான் ஒருபோதும் அப்படிச் சொல்ல மாட்டேன் என்பாள். கட்டுரையாளர் அந்தக் காட்சியின்போது வெளியே போயிருந்தாரோ என்னவோ.

அடுத்து, பிரான்சின் கஜானாவை அவளுடைய உடைகள் காலி செய்தன என்ற வரி. 1788-ஆம் ஆண்டின் வரவு செலவுக் கணக்கு கிடைத்திருக்கிறது. மொத்தச் செலவு சுமார் 62 கோடியே 90 இலட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). அதில் பாதி, பழைய கடனுக்கு வட்டியும் தவணையுமாகவே போய்விட்டது. அரசர், அரசி, அரசரின் தம்பிகள், அத்தைகள், அவர்களுடைய பரிவாரங்கள் என்று அரண்மனைச் செலவு அத்தனையும் சேர்ந்தால் நூற்றுக்கு ஆறு. கடன் ஏறியது போர்களால். அமெரிக்க விடுதலைப் போருக்குத் தோள் கொடுத்ததில் மட்டும் 100 கோடி லிவ்ருக்கு மேல் போனது. அதை வரியாக வாங்காமல் கடனாக வாங்கினார் நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கேர். அதிகமாக வைத்திருந்த பிரபுக்களும் திருச்சபையும் பெரும்பாலான வரிகளிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். ராணி கோணிப்பை உடுத்திக்கொண்டு இருந்திருந்தாலும் 1789-இன் புரட்சி வந்தே இருக்கும்.

இதையே சாக்காக வைத்து அவள் செலவு சின்னச் செலவு என்று சொல்லிவிடவும் கூடாது. உடைக்கென்று அவளுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 1,20,000 லிவ்ர். 1785-இல் அவள் செலவழித்தது 2,58,000. இந்தத் தொகையை அரசின் செலவோடு வைத்துப் பார்த்தால் பத்தாயிரத்தில் நான்கு பங்கு. பாரீஸ் கூலியாளின் வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் வேறு கதை. நாளுக்கு 25 சூ கூலி, 20 சூ ஒரு லிவ்ர், ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று போட்டால் அவனுக்கு ஆண்டு வருமானம் 375 லிவ்ர். ராணியின் ஓராண்டு உடைச்செலவு ஏறத்தாழ 690 பேரின் ஆண்டுக்கூலி. அதே ஆண்டு சான் க்ளூ மாளிகை 60 இலட்சம் லிவ்ருக்கு அவள் பெயரில் வாங்கப்பட்டது. அரசியின் பெயரில் ஒரு சொத்து, ‘அரசியின் ஆணைப்படி’ என்று அங்கே எழுதிய பலகைகள். பிரான்சு இதற்கு முன் பார்த்திராத வழக்கம் இது. ஊர் வாயை மெல்ல வைத்தது தொகையைவிட அந்தப் பலகைகள்தாம்.

படத்தில் இல்லாத எண் ஒன்று உண்டு. நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டி சாதாரண நாளில் எட்டு ஒன்பது சூ விற்கும். 1788 ஜூலை 13 அன்று பெய்த ஆலங்கட்டி மழை விளைச்சலை அடித்துப்போட்டது. அதன் பின்னால் வந்த கடுங்குளிரில் ஆறுகள் உறைந்து மாவு ஆலைகள் நின்றன. 1789 பிப்ரவரியில் ரொட்டி 14½ சூவுக்கு ஏறிவிட்டது. 25 சூ கூலிக்காரன் வீட்டில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே போயிற்று என்று அர்த்தம். அக்டோபர் 5 அன்று பெண்கள் பாரீசிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் மழையில் நடந்து வெர்சாய் அரண்மனைக்கு வந்ததன் காரணம் ரொட்டியின் விலையும் தட்டுப்பாடும். படத்தில் அவர்கள் வெறும் இரைச்சலாக வருகிறார்கள். எதற்காக வந்தார்கள் என்று தெரியாது. ராணிக்குத் தெரியாததைப் பார்வையாளருக்கும் காட்டுவதில்லை என்பது இயக்குநரின் முடிவு. கலையாக அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கேமரா கடைசிவரை அரண்மனை வளாகத்தைத் தாண்டிப் பெரும்பாலும் போகாது. ஆனால் அந்த ரொட்டியின் விலையைச் சொல்ல வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. மேசையில் கிடக்கும் ஒரு காகிதத்தில் காட்டியிருந்தாலே போதும்.

படம் இரக்கத்தை எப்படிக் கட்டுகிறது என்று பார்த்தால், பாதிக்கு மேல் நல்ல வேலை. 1770 மே 7 அன்று ரைன் நதியின் தீவொன்றில் மரக்கூடாரம் போட்டு நடந்த ‘ஒப்படைப்பு’: ஆஸ்திரியப் பக்கம் அறைகள், பிரெஞ்சுப் பக்கம் அறைகள், நடுவில் ஒரு கூடம். பதினான்கு வயதுப் பெண் ஒரு கதவு வழியே நுழைந்து இன்னொரு கதவு வழியே வேறு நாட்டுக்காரியாக வெளியேற வேண்டும். அந்தக் கூடத்தை ஒப்படைப்புக்கு முன்பே போய்ப் பார்த்த ஸ்ட்ராஸ்பூர்க் மாணவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும் ஜெர்மன் கவிஞரான கதே. சுவரில் தொங்கிய திரைச்சீலைகளைப் பார்த்துக் கொதித்துப்போனார். அவற்றில் இருந்தது கிரேக்கப் புராணத்து ஜேசனும் மெடியாவும்: துரோகத்தில் முடிந்த திருமணம், பிள்ளைகளைக் கொன்ற தாய். மணப்பெண்ணை வரவேற்க அரசாங்கத்துக்குக் கிடைத்த படம் அதுதான். கொப்போலா இதை ஏன் விட்டார் என்று புரியவில்லை. கற்பனையே தேவைப்படாத காட்சி அது.

உடுத்தும் சடங்கைப் படம் விடவில்லை. அரசியின் அறைப்பணியில் இருந்த கம்பான் அம்மையார் எழுதியபடி அது நடந்த விதம் இது. குளிர்கால நாள். உள்சட்டையை விரித்துப் பிடித்தபடி பணிப்பெண் நிற்கிறாள். தலைமைத் தோழி உள்ளே வருகிறாள். சட்டையைக் கொடுக்கும் உரிமை அவளுடையது என்பதால் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்கிறாள். கதவில் நகம் சுரண்டும் சத்தம், ஏனென்றால் வெர்சாயில் கதவைத் தட்டக்கூடாது. அரச குடும்பத்து இளவரசி ஒருத்தி வருகிறாள். உரிமை இப்போது அவளுக்கு. ஆனால் தலைமைத் தோழி நேராகக் கொடுக்கலாகாது. சட்டை மறுபடி பணிப்பெண் கைக்குப் போய், அவள் கையிலிருந்து இளவரசிக்கு. மறுபடி சுரண்டல். அரசரின் தம்பி மனைவி வருகிறாள், மறுபடி கைமாறல். இத்தனை நேரமும் அரசி வெற்றுடம்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறாள். கடைசியில் வந்தவள் அவசரத்தில் கையுறையைக் கழற்றாமலே சட்டையை மாட்டி, தலையலங்காரத்தைக் கலைத்துவிடுகிறாள். கம்பான் குறிப்பில் இது அவள் ராணியான பிறகு நடந்தது. படம் அதைப் புதுமணப் பெண்ணின் முதல் நாட்களுக்கு நகர்த்துகிறது. இந்த நகர்த்தலை ஒத்துக்கொள்ளலாம், ஏனென்றால் இதில் பொய் இல்லை. ராணியான பின் இந்தச் சடங்குகளில் பலவற்றை அவள் வெட்டித் தள்ளினாள் என்பதையும், அதனால் உரிமை இழந்த சீமாட்டிகளே அவளைப் பற்றிய முதல் வதந்திகளைப் பரப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் காட்சி முழுமையடைந்திருக்கும். அவளைத் தூற்றிய இரகசியப் பிரசுரங்கள் ஜனங்களிடம் போவதற்கு முன் அரண்மனைக்குள் தயாராயின.

அவளை ஏன் அப்படி வெறுத்தார்கள் என்பதற்குப் படத்தில் பதில் இல்லை, கட்டுரையாளரிடமும் இல்லை. ‘ஆஸ்திரியக்காரி’ என்ற பெயரிலிருந்து தொடங்க வேண்டும். தலைமுறைகளாகப் பகைநாடாக இருந்த ஆஸ்திரியாவோடு 1756-இல் பிரான்சு கூட்டு வைத்தது. அதன் பின்னான ஏழாண்டுப் போரில் கனடாவை இழந்தது, இந்தியாவில் ஆதிக்கத்தை இழந்தது. அந்தக் கூட்டணியின் உயிருள்ள முத்திரை இந்தப் பெண். அடுத்தது பிள்ளை. 1770 மே 16 அன்று திருமணம். மணவாழ்வு நிஜமானது 1777 ஆகஸ்டில், அவள் அண்ணன் ஜோசப் வந்து லூயியோடு பேசிவிட்டுப் போன பிறகு. ஏழு ஆண்டுக்கு மேல். இந்தப் பகுதியைப் படம் நன்றாகவே சொல்கிறது, அம்மா மரியா தெரேசாவின் கடிதங்களைக் குரலாக ஓடவிட்டு. பேசப்படாத மூன்றாவது காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதினைந்தாம் லூயிக்கு ஆசைநாயகிகள் இருந்தார்கள்; நாட்டில் எது கெட்டாலும் பொம்பதூர் மேலும் துபாரி மேலும் போட்டுவிடலாம், அரசிக்குச் சேதமில்லை. பதினாறாம் லூயிக்கு அப்படி யாருமில்லை. ஆசைநாயகி மீது விழ வேண்டிய சேறு அத்தனையும் மனைவி மேல் விழுந்தது. கணவனின் யோக்கியம் மனைவிக்கு வினையானது.

அதே நேரம் அவளாகத் தேடிக்கொண்டதும் உண்டு. தோழி பொலிஞாக்கின் குடும்பத்துக்குப் பதவிகளும் இலட்சக்கணக்கான லிவ்ர் மானியமும் வாரிக் கொடுத்தாள். படத்தில் பொலிஞாக் சீட்டாட்டத் தோழியாக, வாய்த்துடுக்கு வேடிக்கையாக வருகிறாள். மானியக் கணக்கு வருவதில்லை.

படம் விட்டுவிட்டவற்றில் மிகப் பெரிய ஓட்டை வைர மாலை வழக்கு. ராணிக்கு இரக்கம் தேடுகிறவர் இதை எப்படி விடலாம்? அவள் முழுக்க நிரபராதியாக நின்று முழுக்கத் தோற்றுப்போன விவகாரம் இது ஒன்றுதான்.

போமர், பசான்ஜ் என்ற நகை வியாபாரிகள் 600-க்கும் மேற்பட்ட வைரங்களைச் சேர்த்து ஒரு மாலை செய்தார்கள். மனதில் வைத்திருந்த கழுத்து துபாரியுடையது. 1774 மே 10 அன்று பதினைந்தாம் லூயி பெரியம்மையில் இறந்ததும் மாலை கையில் தங்கிவிட்டது. விலை 16 இலட்சம் லிவ்ர். புது ராணியிடம் மறுபடி மறுபடி கொண்டுபோனார்கள், அவள் வேண்டாம் என்றாள். இந்நிலையில் ழான் த லா மோத் என்ற பெண் புகுந்தாள். ராணியின் அந்தரங்கத் தோழி தான் என்று ரோவான் கார்டினலை நம்பவைத்தாள். அவர் வியன்னாவில் தூதராக இருந்து மரியா தெரேசாவின் வெறுப்பைச் சம்பாதித்தவர். அந்த வெறுப்பு மகளுக்கும் தொற்றியிருந்தது. எப்படியாவது ராணியின் கடைக்கண் பார்வை கிடைத்தால் மந்திரியாகலாம் என்று ஏங்கியவர். ராணி எழுதியதாகப் போலிக் கடிதங்கள் போயின. 1784 ஆகஸ்டில் ஓர் இரவு வெர்சாய்த் தோட்டத்தின் இருட்டில், நிக்கோல் லெகே என்ற பெண் வெள்ளை மஸ்லின் உடையில் ராணியாக வந்து கார்டினல் கையில் ஒரு ரோஜாவைக் கொடுத்துவிட்டு மறைந்தாள். அதன் பின் கார்டினல் எதையும் நம்பத் தயாராக இருந்தார். 1785 தொடக்கத்தில் ராணிக்காக என்று மாலையைத் தவணையில் பேசி வாங்கினார். பிப்ரவரி 1 அன்று கைக்கு வந்தது. அன்றைக்கே லா மோத் கூட்டத்திடம் போய், கத்தியால் நெம்பிப் பிரிக்கப்பட்டு, கற்கள் பாரீசிலும் லண்டனிலும் விலைபோயின.

ஒப்பந்தத்தில் இருந்த கையெழுத்து ‘பிரான்சின் மரி அந்துவானெத்’. அரசிகள் தங்கள் ஞானஸ்நானப் பெயரை மட்டுமே எழுதுவார்கள். நாட்டுப் பெயரைச் சேர்ப்பதில்லை. அரசவையில் பிறந்து வளர்ந்த கார்டினலுக்கு அது கண்ணில் படாமல் போனதைக் கேட்டு லூயிக்கு வந்த கோபம் நியாயமானது. அவர் தவறு செய்த இடம் அதற்கு அடுத்த படி. ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு விழா. பூசை உடையோடு நின்ற கார்டினலை அரசவை முழுக்கப் பார்த்திருக்கக் கைது செய்ய வைத்தார். பிறகு, அரசரின் தீர்ப்பா, பாரீஸ் நீதிமன்றமா என்று தேர்வு கொடுத்தார். கார்டினல் நீதிமன்றத்தைத் தேர்ந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களின் தரப்பு மனுக்கள் அச்சாகித் தெருவில் விற்றன. 1786 மே 31 அன்று கார்டினல் விடுதலை. விடுதலைக்கு என்ன பொருள் என்றால், ராணி ஒரு கார்டினலை நள்ளிரவில் தோட்டத்தில் சந்திப்பாள், ரோஜா கொடுப்பாள், திருட்டுத்தனமாக வைரம் வாங்குவாள் என்று ஒரு பெரிய மனிதர் நம்பியதில் குற்றமில்லை என்பது. தண்டனை லா மோத்துக்குப் போனது: சாட்டையடி, சூட்டுக்கோல், சிறை. அடுத்த ஆண்டே தப்பி லண்டன் போய் ராணியைப் பற்றி எழுதிக் குவித்தாள். வழக்கில் ராணி கட்சிக்காரியே இல்லை. ஆனாலும் தோற்றது அவள்தான்.

இரண்டு மணி நேரப் படத்தில் இதற்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தால், விருந்துக் காட்சிகளில் இரண்டைக் குறைத்திருந்தால், ‘ஏன் வெறுத்தார்கள்’ என்ற கேள்வி தீர்ந்திருக்கும். 1938-இல் நோர்மா ஷியரர் நடித்து வந்த ஹாலிவுட் படம் வசனத்திலும் நாடகத்தனத்திலும் பழசு. ஆனால் மாலையையும் காட்டியது, கில்லட்டினையும் காட்டியது.

ஃபெர்சன் விஷயத்தில் படம் எதிர்த்திசையில் அவசரப்படுகிறது. ஸ்வீடன் நாட்டு அக்செல் ஃபெர்சனோடு உறவு இருந்தது என்று சந்தேகமே வைக்காமல் காட்டிவிடுகிறது. கையில் இருப்பது கடிதங்கள். 1791-92-இல் இருவரும் எழுதிக்கொண்டவற்றில் பல வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அவற்றில் 15 கடிதங்களை எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் ஆராய்ந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எழுதிய மையிலும் அடித்த மையிலும் செம்பு, துத்தநாக விகிதம் வேறுபட்டதால் அடியில் இருந்ததைப் பிரித்தெடுக்க முடிந்தது. எட்டில் வெற்றி, மற்றவற்றில் இரண்டு மைகளும் ஒரே சேர்மானம். ‘பிரியமானவளே’, ‘உங்களை ஆராதிக்கிறேன்’ என்ற வகைச் சொற்கள் வெளிவந்தன. அடித்தது ஃபெர்சனே என்றும் தெரிந்தது. அன்பு நிச்சயம். அதற்கு மேல் படுக்கையறைவரை போக அந்தக் காகிதங்களில் வழியில்லை. படம் வெளியாகிப் பதினைந்து ஆண்டு கழித்து வந்த முடிவு என்பதால் இயக்குநரைக் குறை சொல்வதற்கில்லை. கட்டுரையாளர் ‘கள்ளக்காதல்’ என்று எழுதியதற்கு அந்தச் சலுகை கிடையாது.

இனிக் கடைசிக் காட்சி. 1789 அக்டோபர் 6, அரச குடும்பம் வண்டியில் வெர்சாயை விட்டுப் போகிறது, பிறகு சூறையாடப்பட்ட படுக்கையறை, விழுந்து கிடக்கும் சரவிளக்கு, படம் முடிகிறது. அன்று விடியற்காலை கூட்டம் உள்ளே புகுந்ததும், மெய்க்காவலர் இருவர் கொல்லப்பட்டதும், ராணி பின்வழியாக அரசர் அறைக்கு ஓடித் தப்பியதும் நடந்தவை. கூட்டம் அவள் படுக்கையைக் குத்திக் கிழித்தது என்பது அரச விசுவாசிகள் பிற்பாடு பரப்பிய கதை. ராணியின் பக்கமே நின்ற கம்பான் அம்மையாரே அப்படி யாரும் அந்த அறைக்குள் போகவில்லை என்று மறுத்திருக்கிறார். கேக் என்ற புரட்சிக் கட்டுக்கதையை மறுக்கத் தெரிந்த படம், படுக்கை என்ற அரசக் கட்டுக்கதையைக் கடைசிக் காட்சியாகத் தொங்கவிட்டுப் போகிறது.

அதற்குப் பிறகு அவள் நான்கு ஆண்டும் பத்து நாளும் வாழ்ந்தாள். படத்தில் முப்பத்துமூன்று வயதிலும் பள்ளிக்கூடப் பெண்ணின் முகத்தோடு வண்டியேறுகிறவள், அந்த நான்கு ஆண்டில்தான் அரசியல்வாதியானாள். சங்கேத எழுத்து கற்றாள், இரவெல்லாம் கடிதம் எழுதினாள், மந்திரிகளோடு தானே பேரம் பேசினாள். 1791 ஜூன் 20 இரவு மாறுவேடத்தில் தப்பியோடியதும் மறுநாள் வரேனில் பிடிபட்டதும் எல்லாருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது 1792 மார்ச் 26 அன்று அவள் மெர்சிக்கு எழுதிய கடிதம். பழைய ஆஸ்திரியத் தூதர் மெர்சி அப்போது பிரசல்ஸில் இருந்தார். அதில் அவள் எழுதியதன் சாரம்: வெளியுறவு மந்திரி துமூரியே சாவோயிலும் லியேஜ் பக்கமும் தாக்கத் திட்டமிட்டிருக்கிறார், இரண்டாவதற்குத் தளபதி லஃபாயெத்தின் படை, இது நேற்றைய மந்திரிசபையின் முடிவு. 25 நாள் கழித்து, ஏப்ரல் 20 அன்று, பிரான்சு ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. தன் கணவர் அரசராக இருக்கும் நாட்டின் போர்த்திட்டத்தை எதிரிக்கு முன்கூட்டி அனுப்பியவள் அவள். அவள் நோக்கில் அது கடமை: கணவரின் முடியையும் பிள்ளையின் உயிரையும் காப்பாற்றப் பிறந்தகத்திடம் உதவி கேட்டாள். எல்லைக்குப் போன சிப்பாயின் நோக்கில் அதற்கு ஒரே பெயர்தான். இந்த இரண்டையும் ஒரே காட்சியில் வைத்துப் படமெடுத்திருந்தால் எவ்வளவு பெரிய படமாக இருந்திருக்கும்!

1793 அக்டோபர் 14 அன்று விசாரணை தொடங்கியபோது அரசாங்க வழக்கறிஞர் ஃபூக்கியே-தான்வீலிடம் அந்தக் கடிதம் இல்லை. எதிரிகளோடு சதி செய்தாள் என்று குற்றம் சாட்டினார்கள், ஆவணமாக ஒன்றும் காட்டவில்லை. அவளுடைய வழக்கறிஞர்களுக்குத் தயாராகக் கிடைத்தது ஒரு நாள்கூட இல்லை. அவள் உண்மையில் செய்த குற்றத்துக்கு, சாட்சியம் எதுவும் இல்லாமல், தண்டனை கொடுத்தார்கள். சட்டம் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வழக்கே ஆறு மாதப் பாடம்.

சாட்சியம் இல்லாத இடத்தில் புரட்சிப் பத்திரிகையாளர் ஹெபேர் ஓர் அவதூறைக் கொண்டுவந்து வைத்தார். அதே ஆண்டு ஜூலை 3 அன்று அவளிடமிருந்து பிரிக்கப்பட்ட எட்டு வயது மகனிடம் எழுதி வாங்கிய கையெழுத்து: தாய் மகனோடு தகாத உறவு வைத்திருந்தாள் என்று. அவள் பதில் சொல்லவில்லை. ஜூரிகளில் ஒருவர் வற்புறுத்தியபோது எழுந்து, ஒரு தாய்மேல் சாட்டப்படும் இப்படியொரு குற்றத்துக்குப் பதில் சொல்ல இயற்கையே மறுக்கிறது என்றும், இங்கே இருக்கும் எல்லாத் தாய்மார்களிடமும் முறையிடுகிறேன் என்றும் சொன்னாள். நீதிமன்றத்துக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்த சந்தைக்காரிகளே சலசலத்தார்கள். 1789-இல் வெர்சாய்க்கு நடந்து போனவர்களும் அதே சந்தைக்காரிகள் ரகம்தான். படம் தேடித் திரிந்த இரக்கம் இங்கே கிடந்தது, அவளை வெறுத்தவர்களின் முகத்தில். அக்டோபர் 16 அதிகாலை நாத்தனார் எலிசபெத்துக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், அந்தப் பையனை மன்னித்துவிடு, அந்த வயதுப் பிள்ளையிடம் எதை வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டாள். கடிதம் எலிசபெத் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. முன்பே கொல்லப்பட்ட கணவருக்குக் கொலைக்களம் போக மூடிய வண்டி கிடைத்தது. அவளுக்குத் திறந்த கட்டை வண்டி, கைகள் பின்னால் கட்டி. பகல் பன்னிரண்டே காலுக்கு முடிந்தது. வயது 37, கட்டுரையில் 34 என்று இருக்கிறது, திருத்திக்கொள்ளவும்.

இன்னொரு திருத்தம், கட்டுரையோடு அச்சிட்டிருந்த ஓவியத்தைப் பற்றியது. சாம்பல் கலந்த நீலப் பட்டு உடுத்தி, கையில் ரோஜாவோடு நிற்கும் ராணி. கீழே ‘ஜனங்களைக் கொதிக்க வைத்த ஆடம்பரம்’ என்று குறிப்பு. எலிசபெத் விஜே லெ ப்ரன் 1783-இல் வரைந்தது அது. படத்துக்கு உடையலங்காரத்தில் ஆஸ்கர் வாங்கிய மிலேனா கனோனெரோவிடம் ஒரு பெட்டி மக்கரோன் இனிப்பைக் கொடுத்து இந்த நிறங்கள் வேண்டும் என்றாராம் இயக்குநர். நிறம் அப்படி வந்தாலும், தையலில் பல உடைகள் இந்த ஓவியங்களின் வழிதான். அந்த ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் முதலில் தொங்கியது வேறு படம். அதில் ராணி இடுப்பில் நாடா கட்டிய வெள்ளை மஸ்லின் அங்கியில், வைக்கோல் தொப்பியோடு இருந்தாள். வெர்சாயின் த்ரியனோன் மாளிகைத் தோட்டத்தில் அவள் விரும்பி உடுத்திய எளிய உடை, கூடை வைத்த பாவாடை கிடையாது, நகை கிடையாது. கொப்போலா படத்தின் கிராமத்துக் காட்சிகளில் ராணியாக நடித்த கிர்ஸ்டன் டன்ஸ்ட் அணிந்து புல்லில் உட்காருவது இந்த ரகம். பார்த்தவர்கள் கொதித்தார்கள். அரசி உள்ளாடையோடு படத்துக்கு நின்றாள் என்றார்கள். வெளிநாட்டுப் பருத்தியை உடுத்தி லியோன் பட்டு நெசவாளர் பிழைப்பில் மண் போடுகிறாள் என்றார்கள். மறு ஆண்டு தோட்டத்து இருட்டில் நிக்கோல் லெகேவுக்கு மஸ்லினைத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் அந்தப் படம் நினைவில் இருந்தது. அந்த ஓவியத்தைக் கண்காட்சியிலிருந்து இறக்கிவிட்டு, ஊர் வாயை அடைக்க அவசரமாக லியோன் பட்டில் வரைந்து மாட்டியதுதான் நீங்கள் அச்சிட்டிருக்கும் ஓவியம். ஆகவே குறிப்பை மாற்ற வேண்டும். அல்லது குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஓவியத்தை மாற்றி, அந்த மஸ்லின் படத்தை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பிரெஞ்சு வரலாறு படிக்கும் வாசகர்